டவுட் உள்ள பெண்

"நீயே போக வேணாம்னு சொல்லிட்டியாமே?" என்று எச்.ஆர். மேடம் கேட்டபோது, அவர் வேறு யாரிடமோ பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவரும், ஹெல்மெட் போட்ட ஆள் சிரிக்கும் பாதுகாப்பு வார போஸ்டரும்தான் இருந்தன.

"யாரு மேடம்? நானா?"

"ஜெர்மன் சார் அப்படித்தான் சொன்னாரு. அந்தப் பொண்ணுக்கு மனசு இல்ல, நானே கேட்டேன், அவளே ஒத்துக்கிட்டா, கட்டாயப்படுத்த வேணாம்னு. உன் பேரு வரலம்மா. ஏம்மா, இஷ்டம் இல்லன்னா முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? அந்த இடத்துக்கு வேற ஒரு பிள்ளையாவது வந்திருக்கும்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனசு இல்லையா? எனக்கா? ராத்திரி கனவில்கூட ஃப்ளைட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவள் நான். பாஸ்போர்ட் வந்த அன்று அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்த குடும்பம் என்னுடையது. நான் போய் வேண்டாம் என்று சொன்னேனாம். எந்த வாயால் சொன்னேன்?

அந்த நேரம் பார்த்து அப்பாவின் ஃபோன். அப்பா சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு வாரமாக வண்டியில் ஏறியவர்கள் எல்லோரிடமும் "எம் பொண்ணு ஜெர்மனி போவுது" என்று சொல்லி முடித்துவிட்டார். ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் இறங்கும்போது சில்லறையோடு வாழ்த்தும் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

"இன்னாம்மா, பேரு வந்துச்சா? வண்டியில எல்லாரும் கேட்டுக்கினே கீறாங்க."

"அப்பால சொல்றேம்ப்பா" என்று கட் செய்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு வடக்குப்பட்டில். நான் மெக்கானிக்கல் டிப்ளமா. காருக்குப் பாகங்கள் செய்யும் ஒரு ஜெர்மன் கம்பெனியில் அப்ரென்டிஸாக இருந்தேன். அப்ரென்டிஸ் என்றால் ஒரு வருஷம்தான். முடிந்ததும் ஒரு சர்ட்டிஃபிகேட்டைக் கொடுத்துக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டு அடுத்த பேட்சை உள்ளே எடுத்துக்கொள்வார்கள். பிறகு வேறொரு கம்பெனி கேட் முன்னால் ரெஸ்யூமைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டியதுதான். இதிலிருந்து தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. எங்களில் சிலரை ஜெர்மனியில் இருக்கும் தாய்க் கம்பெனிக்கு அழைத்துப் போய், சம்பளமும் கொடுத்துத் தொழில் படிக்க வைப்பார்கள். படித்துவிட்டு வந்தால் நிரந்தர வேலை. என் வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. எனக்கு அது ஒன்றுதான் நம்பிக்கை.

தேர்ந்தெடுக்க அங்கிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார், எங்களுக்கு ஜெர்மன் சார். ரிட்டயர் ஆகப்போகிற வயது. அவரும் இங்கிலீஷைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான், நாங்களும் அப்படித்தான். இரண்டு தரப்பும் தட்டுத்தடுமாறிப் பேசி, பாதியைக் கையாலும் தலையாலும் முடித்துக்கொண்டோம். கடுகடுப்பே இல்லாத மனிதர். அதுதான் எங்களுக்கு முதலில் ஆச்சரியம். வாத்தியார் என்று ஒருவர் வந்தால் கொஞ்சமாவது முறைக்க வேண்டாமா?

தேர்வுக்கு முந்தின நாள் எச்.ஆர். மேடம் எங்களை உட்காரவைத்து வகுப்பெடுத்தார். "வெள்ளைக்காரங்களுக்குச் சும்மா தலையாட்டுற பிள்ளைங்களைப் பிடிக்காது. தைரியமா டவுட் கேளுங்க. டவுட் கேட்டாத்தான் புத்திசாலின்னு நெனப்பாங்க" என்றார். எனக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயரே டவுட்டுதான். வகுப்பு முடிய மணி அடிக்கும் நேரம் பார்த்துக் கையைத் தூக்குவேன், மொத்த வகுப்பும் உச்சுக் கொட்டும். கம்பெனியில் என் பக்கத்துப் பெஞ்சுத் தோழி அதற்கு நேர் எதிர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, ஒரகடத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தாள். அவளுக்கு வாயே திறக்காது. "நீ கேப்பட்டீ, எனக்கு வாயில பசை போட்ட மாரி ஆயிரும்" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

முதல் நாள் ட்ரெய்னிங் ஹாலில் ஆளுக்கொரு இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், ஒரு அரம், இரண்டு இரும்புத் துண்டுகள், ஒரு டிராயிங். பார்த்ததும் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. டி ஃபிட்டிங்! பாலிடெக்னிக் முதல் வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. ஒரு துண்டில் டி எழுத்து மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்றில் அதே வடிவத்தில் பள்ளம் இருக்கும். ராவி ராவி ஒன்றுக்குள் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நாங்கள் எட்டுப் பேரும் வேறு வேறு பாலிடெக்னிக்தான், ஆனால் மாநிலம் முழுக்க ஒரே பாடம், ஒரே படம், ஒரே அளவு. அரத்தை எடுத்துவிட்டார்கள் எல்லோரும்.

நான் மட்டும் டிராயிங்கை இன்னொரு தரம் பார்த்தேன். ஓரிடத்தில் பதினெட்டு என்று போட்டிருந்தது. எங்கள் புத்தகத்தில் அந்த இடத்தில் இருபது. அச்சுப் பிழையா, வேண்டுமென்றே போட்டதா? கேட்டுவிடுவோம் என்று கையைத் தூக்கினேன்.

"சார், ஐ ஹேவ் எ டவுட்."

அவர் வேகமாக வந்தார். ஊசி போடப் பயப்படும் குழந்தையிடம் வரும் டாக்டர் மாதிரி முகத்தை அவ்வளவு மென்மையாக வைத்துக்கொண்டு குனிந்தார். "நோ, நோ! நோ டவுட்! யூ கேன் டூ இட்!" என்றார். வைஸின் மேல் இரண்டு தட்டுத் தட்டி, ஆரம்பி என்று கையைக் காட்டினார்.

சரி, சாரே டவுட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்படியானால் பதினெட்டு அச்சுப் பிழைதான், இருபதுதான் சரி. அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? "ஒரு டவுட்டும் வேணாம், அப்படியே எழுது" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது இது. இருபதுக்கு ராவினேன்.

சாயங்காலம் அவர் எட்டு ஜோடித் துண்டுகளையும் வரிசையாக வைத்து வெர்னியரால் அளந்தார். அளந்து முடித்து, மறுபடி முதலிலிருந்து அளந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாம் தரமும் அளந்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. எட்டுப் பேரும் ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரே தப்பு.

"காப்பி அடித்தீர்களா?" என்று கேட்டார்.

ஐயோ, என் தோழிக்கு வந்ததே கோபம்! வாயே திறக்காதவள், "காப்பியாம்லா! என்ன பேச்சு பேசுதாரு பாத்தியா?" என்று என் காதில் சீறிவிட்டு, எழுந்து நின்று, "நோ காப்பி சார்! பை ஹார்ட் சார்!" என்றாள். நெஞ்சு நிமிர்த்தித்தான் சொன்னாள். மனப்பாடம் என்றால் எங்கள் ஊரில் பெருமைதானே.

அவருக்கு விளங்கவில்லை. "டிராயிங் உங்கள் கண் முன்னால் இருந்தது. அதைப் பார்க்காமல் எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, நிஜமான அதிர்ச்சி. டிராயிங் என்றால் பார்த்துச் செய்வதற்கு, அதில் உள்ள எண்ணை ஒருத்தர்கூடப் பார்க்காமல் எட்டுப் பேரும் அழகாக, பளபளவென்று, தப்பாகச் செய்து வைத்திருக்கிறோம். அவருடைய இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லையாம். ஓரிருவர் தப்பு செய்வார்கள், ஒவ்வொருவர் தப்பும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எல்லோரும் ஒரே தப்பைச் செய்வது எப்படி?

நீங்கள்தானே சார் நோ டவுட் என்றீர்கள் என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அத்தனை பேர் முன்னால் வாத்தியாரின் தப்பைச் சொல்வதா? அது மட்டும் எனக்கும் பழக்கமில்லை.

மறுநாள் மதியம் கேன்டீனில் அவர் எங்கள் மேசைக்கே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சாம்பார் சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டே, "உங்கள் பள்ளியில் எப்படித்தான் படித்தீர்கள்? எனக்குச் சொல்லுங்கள்" என்றார். சொன்னோம். பாடத்தின் கடைசியில் கேள்விகள் இருக்கும், அதற்கான பதிலை மிஸ் புத்தகத்திலேயே பென்சிலால் கோடு போட்டுக் காட்டுவார்கள், அந்தக் கோட்டுக்குள் இருப்பதைப் படித்தால் போதும். பரீட்சையில் அந்தப் பதிலை நம் சொந்த வார்த்தையில் எழுதினால் மார்க் குறையும். கணக்கையும் அப்படித்தான் படித்தோம் என்று ஒருத்தன் சொன்னான்.

அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். "கணக்கையா? கணக்கை எப்படி மனப்பாடம் செய்வது?"

"எழுதி எழுதிப் பார்த்தா வந்துரும் சார்" என்றான் அவன். அதில் என்ன அதிசயம் என்று எங்களுக்குப் புரியவில்லை. அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பாவம், இந்தப் பிள்ளைகளை என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்ற பார்வை. எனக்குச் சுருக்கென்றது. ரோஷத்தோடு, "அப்ப உங்க ஊர்ல எப்படி சார்?" என்றேன்.

அவர் சொன்னார். பள்ளிக்கு ஃபீஸ் கிடையாது, மதியத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம், யூனிஃபார்ம் கிடையாது. ஆகா, சொர்க்கம் என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். தொழில் படிக்கிற பிள்ளைக்குச் சம்பளம் உண்டு, வாரத்தில் சில நாள் வகுப்பு, மற்ற நாள் பட்டறை. அதையும் கேட்டு வயிறெரிந்தோம். அப்புறம் சாதாரணமாக, சாம்பாரில் இருந்த முருங்கைக்காயை என்ன செய்வது என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, தன்னுடைய கதையைச் சொன்னார். அவருக்குப் பத்து வயதானபோது, அவருடைய டீச்சர் அவர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாராம்: இந்தப் பையன் கல்லூரிக்குப் போகும் பள்ளிக்கு லாயக்கில்லை, கைத்தொழில் பக்கம் அனுப்பும் பள்ளியில் சேருங்கள். சேர்த்துவிட்டார்கள். முடிந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஒரு பள்ளிக்கும் பாதிப் பிள்ளைகள் வேறு பள்ளிக்கும் பிரிந்து போனார்கள்.

பத்து வயசு! அஞ்சாங்கிளாஸ்! எங்கள் ஊரில் அந்த வயதில் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுவது நின்றிருந்தால் பெரிது.

"அப்பம் எங்க மாமா மவன் தீந்தான்" என்றாள் தோழி. "பத்து வயசுல அவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. இப்பம் டாக்டருக்குப் படிக்கான்."

"உங்க அப்பா அம்மா சும்மாவா விட்டாங்க சார்?" என்று கேட்டேன். "எங்க ஊரா இருந்தா ஸ்கூல் வாசல்ல உட்கார்ந்து ஒரு வழி பண்ணியிருப்பாங்க." இதை இங்கிலீஷில் சொல்ல முடியாமல் பாதியை நடித்துக் காட்டினேன்.

அவர் சிரித்தார். அப்போதெல்லாம் டீச்சர் சொன்னால் சொன்னதுதான் என்றார். இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறதாம், பெற்றோர் பேச்சுக்கும் மதிப்பு உண்டாம், ஆனாலும் பிரிக்கிற வயது பல இடங்களில் அதே வயதுதானாம். "நான் குறை சொல்லவில்லை. தொழில் படித்தேன், நன்றாக இருக்கிறேன். ஆனால் அந்த டீச்சர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் மெதுவாகப் பேசுவேன். அதை வைத்து முடிவு செய்துவிட்டார்" என்றார்.

அதுவரை எங்களைப் பார்த்து அவர் பரிதாபப்பட்டார், அந்த நிமிஷம் நாங்கள் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டோம். அவருக்கு எங்கள் பள்ளிக்கூடம் பயங்கரம், எங்களுக்கு அவருடையது பயங்கரம். எங்களிடம் புரியுதோ புரியலையோ கடைசி வரைக்கும் எல்லோரையும் ஒரே ஓட்டப் பந்தயத்தில் ஓடவிட்டு மூச்சு வாங்க வைக்கிறார்கள். அங்கே ஓட ஆரம்பிக்கும் முன்பே ஒருத்தரைத் தட்டி, நீ இந்தப் பக்கம் போ என்று திருப்பிவிடுகிறார்கள். இரண்டில் எது மேல் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்றைக்கு எனக்கு ஒன்று மட்டும் உறுதியாயிற்று, இந்த மனிதர் என்னைப் புரிந்துகொள்வார்.

மூன்றாம் நாள் நேர்காணல். முதலில் தோழி போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "எல்லாம் போச்சுட்டீ. டவுட் இருக்கான்னு கேட்டாரு. கேக்க வச்சிருந்ததெல்லாம் மறந்து போச்சு. நோ டவுட் சார்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன்." பாவமாக இருந்தது. அவள் வாய்ப்பு போய்விட்டது என்றே முடிவு செய்து தோளில் தட்டிக் கொடுத்தேன். பெரிய மனுஷி நான்.

என் முறை. என்னைப் பற்றியும் வேலையைப் பற்றியும் கேட்டுவிட்டு, முன்னால் சாய்ந்து, மெல்லிய குரலில், "முதல் நாள் உனக்கு டவுட் இருந்தது. இப்போதும் டவுட் இருக்கிறதா?" என்று கேட்டார்.

அடடா, ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. "எஸ் சார்! மெனி டவுட்ஸ் சார்!" என்றேன்.

"எதில்? இந்தப் பயிற்சியிலா?"

"எஸ் சார். ட்ரெய்னிங், ஹாஸ்டல், லாங்வேஜ், எவ்ரிதிங் சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "இதை வெளிப்படையாகச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். உன் நேர்மைக்கு நன்றி" என்று எழுந்து நின்று கை கொடுத்தார். என் டவுட்டுகளை நான் இனிமேல்தான் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், அதற்குள் கை கொடுக்கிறாரே என்று கொஞ்சம் குழப்பமாக இருந்தது. ஆனால் எழுந்து நின்று கை கொடுத்தாரே! வேறு யாருக்கும் அப்படிக் கொடுக்கவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தரையில் கால் பாவாமல்தான் வீட்டுக்குப் போனேன். அப்பா அன்றைக்கு வண்டியில் யாரிடமும் காசு வாங்கவில்லையாம்.

அதற்கு அடுத்த நாள் காலையில்தான் எச்.ஆர். மேடம் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார். தோழியின் பெயர் வந்திருந்தது. வாயே திறக்காதவளின் பெயர் வந்திருந்தது, வாய் கிழியப் பேசிய என் பெயர் இல்லை.

"நான் எப்ப மேடம் மனசு இல்லன்னு சொன்னேன்? அவரு டவுட் இருக்கான்னு கேட்டாரு, இருக்குன்னு சொன்னேன். நீங்கதானே டவுட் கேக்கச் சொன்னீங்க!"

மேடத்துக்கும் விளங்கவில்லை. "பின்ன அவரு ஏன் அப்படிச் சொல்றாரு? சரி, நடந்தது நடந்துபோச்சு. அவரு இன்னும் கொஞ்ச நேரத்துல ஏர்போர்ட் கிளம்புறாரு. போய் சீன் போடாத."

"சீன் போடல மேடம். டவுட் கேக்கப் போறேன்" என்றேன். கோபம் வந்தால் எனக்குக் கால் தானாக நடக்கும். மேடம் பின்னாலேயே ஓடி வந்தார்.

ட்ரெய்னிங் ஹாலில் அவர் பையை மூடிக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய், "சார், நான் எங்கே சார் வேணாம்னு சொன்னேன்?" என்று கேட்டேன். குரல் உடைந்துவிட்டது. கோபமாகக் கேட்க வேண்டும் என்று வந்தது அழுகையாகப் போய்விட்டது, சனியன்.

அவர் பதறி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீதானே சொன்னாய். உனக்கு நிறைய டவுட் இருக்கிறது என்று. பயிற்சியில் டவுட், தங்குவதில் டவுட், எல்லாவற்றிலும் டவுட். நம்பிக்கை இல்லாத இடத்துக்கு ஒரு இளம்பெண்ணை நான் எப்படி இழுத்துக்கொண்டு போவேன்?"

நம்பிக்கை இல்லாத இடமா? அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நம் ஊரில் பாடத்தில் சந்தேகம் வேறு, பெண்டாட்டி மேல் சந்தேகம் வேறு. வார்த்தை ஒன்றுதான், ஆனால் குழந்தைக்குக்கூடக் குழப்பம் வராது. இவருக்கு இரண்டாவது சந்தேகம் மட்டும்தான் தெரியும்!

"சார், கிளாஸ்ல ஒரு பையனுக்குப் பாடம் புரியல. கையைத் தூக்கி ஏதோ கேக்கிறான். அவன் கேக்கிறதுக்கு உங்க ஊர்ல பேரு என்ன?"

"கேள்வி" என்றார். கொஸ்டின்.

"எங்க ஊர்ல அதுக்குப் பேருதான் சார் டவுட்!"

அவர் எச்.ஆர். மேடத்தைப் பார்த்தார். மேடம் ஆமாம் என்று தலையாட்டினார். "ஆமா சார், டவுட்னா கொஸ்டின்தான். இந்தியா முழுக்க அப்படித்தான்" என்று சொல்லும்போதே மேடத்தின் முகம் பேயறைந்தது போல் ஆகிவிட்டது.

"முதல் நாள் கையைத் தூக்கினாயே?"

"டிராயிங்ல பதினெட்டுன்னு இருந்துச்சு சார். புக்ல இருபது. எது சரின்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். நீங்க நோ டவுட்னுட்டீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்காக இழுத்துப் போட்ட நாற்காலி. "அந்த எண்ணைப் பார்த்தவள் நீ ஒருத்திதான்" என்றார். "அதைக் கேட்கிறவர் யார் என்று பார்ப்பதற்காகத்தான் இந்தத் தடவை முதன்முதலாக உங்கள் புத்தகத்துப் படத்தை வாங்கி அதை மட்டும் மாற்றி வைத்தேன்." பிறகு ஜெர்மனில் ஏதோ சொல்லிக்கொண்டு ஃபோனை எடுத்தார். யாரிடமோ நீளமாகப் பேசினார், ஒரு கட்டத்தில் கத்தினார், கடைசியில் என் பக்கம் திரும்பிக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னொரு இடம் கேட்டு வாங்கிவிட்டார். நான் போகிறேன்!

மேடம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் அப்பாவுக்குப் போட ஃபோனை எடுத்தேன். ஜெர்மன் சார் மட்டும் எழுந்திருக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் இங்கே வருவது இது முதல் தடவை இல்லை" என்றார் மெதுவாக. "ஒவ்வொரு வருஷமும் டவுட் இருக்கிறது என்று சொல்கிற சிலர் இருப்பார்கள். அவர்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிடுவேன். டவுட் இல்லை என்றவர்களை மட்டும் அழைத்துப் போவேன். அங்கே எங்கள் பட்டறையில் எல்லோரும் என்னிடம் சொல்கிற ஒரே புகார் என்ன தெரியுமா? இந்தியாவிலிருந்து வருகிற பிள்ளைகள் கேள்வியே கேட்பதில்லை என்பதுதான்."

ஹாலுக்கு வெளியே ஃபோர்க்லிஃப்ட் ரிவர்ஸ் எடுக்கும் பீப் பீப் சத்தம் மட்டும்.

"சில வருஷம் முன்னால் ஒரு பெண் இருந்தாள். உன்னை மாதிரியே பேசுவாள். முடிவைச் சொன்னபோது அழுதாள். நிம்மதியில் அழுகிறாள் என்று நினைத்தேன்" என்றார்.

மேடத்துக்கு அந்தப் பெண்ணை நினைவிருந்தது. நம்பரும் இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், நீ தமிழில் சொல் என்று அவர் என்னிடம் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன். மறுபக்கம் மெஷின் இரைச்சல். மண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனில் இருக்கிறாளாம். டீ பிரேக்.

"யாரு? இன்னா மேட்டரு?" என்றாள்.

சொன்னேன். டவுட் என்ற வார்த்தையை அவர் எப்படி எடுத்துக்கொண்டார், எனக்கு என்ன நடந்தது, அவளுக்கும் அதுதான் நடந்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று ஃபோனைப் பார்த்தேன். இரைச்சல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"மெய்யாலுமா சொல்ற?"

"சத்தியமாக்கா. அவரு இங்கதான் பக்கத்துல உக்காந்திருக்காரு. மன்னிச்சிக்கச் சொல்றாரு."

"அப்ப என் இங்கிலீஷு நல்லாதான் இருந்துச்சா?"

"நல்லாதான்க்கா இருந்துச்சு."

"நான் பேசுனது தப்புன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன். அத்தோட இங்கிலீஷு பேசுறதையே வுட்டுட்டேன். இன்டர்வியூன்னாலே போறதில்ல. அதான் பேக்கிங்." அப்புறம், "இப்ப என்னைய மறுபடி எடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

மேடம் தலையை இடவலமாக ஆட்டினார். வயது வரம்பு தாண்டிவிட்டது. அதை எப்படிச் சொல்வது என்று நான் திணறும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது போல.

"சரி வுடு. பெல்லு அடிச்சிட்டாங்க, லைனுக்குப் போவணும். நீ நல்லபடியா போய்ட்டு வா. ஒரே ஒரு ஒத்தாசை மட்டும் பண்றியா?"

"சொல்லுக்கா."

"எங்கப்பா இன்னிக்கும் சொல்லிக்கினே கீறாரு, இங்கிலீஷு வராததுக்கு எதுக்குடி டிப்ளமான்னு. சாயங்காலம் வூட்டுக்குப் போய் அவர்கிட்ட ஃபோனைக் குடுக்கிறேன். நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாரு."